பாம்புக்கடி மருந்து: கிராமசபைத் தீர்மானத்தில் என்ன கேட்கணும்?

பொருநைக்கரை

வணக்கம். சேரன்மகாதேவி பக்கம் ஒரு ஊராட்சிக்கு, வர்ற நவம்பர் 1 கிராமசபையில் வைக்கிறதுக்குப் பாம்புக்கடி பத்தித் தீர்மானம் எழுதுதோம். நெல்லும் வாழையும் உள்ள ஊரு, கன்னடியன் கால்வாய்ப் பாசனம். பிசான நெல் பருவத்துக்கு வயல்ல ஆள் இறங்குற சமயம்.

இப்போதைக்குக் கையில இருக்குற வரைவு இவ்வளவுதான்: "ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடி மருந்து எந்நேரமும் இருப்பில் இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வசதி வேண்டும். விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டும்."

இப்படிக் கேட்டா "மருந்து இருப்பில் உள்ளது"ன்னு ஒரு வரியில பதில் வரும், ஃபைல் மூடிரும். எத்தனை குப்பி, எந்த நேரத்துக்குள்ள, யார் பொறுப்புன்னு பிடிச்சுக் கேக்கணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க. இன்னொண்ணு, இவ்வளவு பேரு சாகுற விஷயத்தை உலகமும் அரசாங்கமும் ஏன் இத்தனை காலம் கண்டுக்கலைன்னும் சபையில ரெண்டு வார்த்தை சொல்லணும்.

மணிமுத்தாறு

தம்பி, ரெண்டாவது கேள்வியை முதல்ல எடுக்கேன்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லுற கணக்கு: வருஷத்துக்கு 54 லட்சம் பேரைப் பாம்பு கடிக்குது. அதுல 18 முதல் 27 லட்சம் பேருக்கு விஷம் ஏறுது. 81,000 முதல் 1,38,000 பேர் வரை சாகுதாங்க. விரலோ காலோ எடுத்தவங்க, வேற விதமா ஊனமானவங்க அதைப்போல மூணு மடங்கு. இத்தனைக்கும் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்ப் பட்டியல்ல இதை ஒழுங்கா ஏத்தினது 2017 ஜூன்லதான். 2018 மே மாசம் உலக சுகாதாரப் பேரவை தீர்மானம் போட்டுச்சு. 2030க்குள்ள சாவையும் ஊனத்தையும் பாதியாக் குறைக்கணும்னு 2019ல திட்டம் வந்துச்சு. நம்ம ஒன்றிய அரசும் 2024 மார்ச்சுல அதே இலக்கோட தேசியச் செயல்திட்டம் வெளியிட்டிருக்கு.

இந்தியாவுல 2000லேருந்து 2019 வரை 12 லட்சம் பேர், சராசரியா வருஷத்துக்கு 58,000 பேர் செத்திருக்காங்க. இது வீடு வீடாப் போயி "எப்படி இறந்தாரு"ன்னு விசாரிச்சு எடுத்த ஆய்வு. அதுக்கு முந்தி ஆஸ்பத்திரிப் பதிவேட்டைக் கூட்டின அரசுக் கணக்கு சில ஆயிரத்தைத் தாண்டல. ஏன் தெரியுமா? அதே ஆய்வுக்காரங்க 2011ல வெளியிட்டதைப் பாரும்: பாம்பு கடிச்சுச் செத்தவங்கள்ல ஆஸ்பத்திரியில உயிர் போனவங்க 23 சதவீதம்தான். மிச்சப்பேர் வீட்டுலயும் வழியிலயும் மந்திரிக்கிற இடத்துலயும் போயிட்டாங்க. எந்தப் பதிவேட்டுலயும் ஏறாத சாவுக்கு எந்த அரசு பட்ஜெட் போடும்?

கொள்ளைநோய் மாதிரி இது பரவுறது கிடையாது. வயல்ல கூலிக்குப் போறவனைக் கடிச்சா பணக்கார வீட்டுக்கு அது வராது, பணக்கார நாட்டுக்கும் வராது. அதனாலதான் அச்சமும் இல்ல, காசும் இல்ல.

தமிழ்நாடு ஒரு காரியம் செஞ்சிருக்கு. 2024 நவம்பர்ல, 1939ஆம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்துக்குக் கீழ, பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயா அறிவிச்சுட்டாங்க. தனியார் ஆஸ்பத்திரியும் சொல்லியே ஆகணும். உங்க தீர்மானத்துல இதைப் பிடிங்க.

வார்டு எட்டு

தம்பி, "இருப்பில் இருக்க வேண்டும்"ங்கிறதை முதல்ல அடிங்க. மருந்து இருந்தும் போடாம அனுப்புறதுதான் இங்க பிரச்சினை. "முதல் டோஸ் போட்டபிறகே மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்"னு எழுதுங்க.

முதல் டோஸ்னா 10 குப்பி. கணக்கு இப்படி: ஒரு குப்பி 10 மில்லி. ஒரு மில்லி மருந்து 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கும். நல்ல பாம்புக்கும் அதே 0.6. கட்டுவிரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் 0.45. கண்ணாடி விரியன் ஒரு கடியில இறக்குற விஷம் சராசரி 63 மில்லிகிராம். ஆக 10 குப்பி போட்டாத்தான் சரிக்குச் சரி வரும். நாலு குப்பி போட்டுட்டு "ஊசி போட்டாச்சு"ன்னு சீட்டுல எழுதி அனுப்புறதுல அர்த்தமே இல்ல. குழந்தைக்கும் அதே 10தான். ஆள் சின்னதுங்கிறதுக்காகப் பாம்பு விஷத்தைக் குறைச்சு விடுறதில்லையே.

கடிச்ச எல்லாருக்கும் மருந்து கிடையாது. விஷம் ஏறியிருக்கணும். ரத்தம் உறையாம இருக்கறது, இமை தொங்குறது, விழுங்க முடியாம போறது, வீக்கம் மளமளன்னு மேல ஏறி பாதிக் காலைத் தாண்டுறது, இதெல்லாம் பார்த்துத்தான் தொடங்கணும். ஒண்ணுமே இல்லைன்னாலும் 24 மணி நேரம் வச்சுப் பார்க்கணும்.

ரத்தம் உறையுதான்னு பார்க்க மெஷின் வேண்டாம். 2 மில்லி ரத்தம், சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடி டெஸ்ட் ட்யூப், 20 நிமிஷம். அசையாம வச்சு, கடைசியில ஒரே ஒரு தடவை சாய்ச்சுப் பார்க்கணும். தண்ணியா ஓடினா விஷம் ஏறியிருக்கு. இவ்வளவு எளிய சோதனையும் கெட்டுப்போற இடங்கள் உண்டு. பிளாஸ்டிக் ட்யூப்ல ரத்தம் சரியா உறையாது. சோப்புப் பவுடர் போட்டுக் கழுவின ட்யூப்லயும் அதே கதை. பத்து நிமிஷத்துல தூக்கி ஆட்டிப் பார்த்தா வர்ற முடிவு பொய். பி.எச்.சி.யில (ஆரம்ப சுகாதார நிலையத்துல) மருந்து இருக்கும், கண்ணாடி ட்யூப் இருக்காது. உங்க பட்டியல்ல அதையும் சேருங்க, சல்லிக் காசு செலவுதான்.

பொருநைக்கரை

சிஸ்டர், போடாம அனுப்புறதுக்குக் காரணம் என்ன? சட்டப் பிரச்சினையா?

வார்டு எட்டு

பயம் தம்பி. குதிரைச் சீரத்துல வர்ற மருந்து. ஒவ்வாமை வந்து ஆள் மயங்கி விழுந்தா, கடிச்ச பாம்பை விட்டுட்டு ஊசி போட்டவங்களைச் சட்டையைப் பிடிப்பாங்க. ராத்திரி டூட்டியில ஒரு நர்ஸ் மட்டும் இருக்குற இடத்துல இந்தப் பயம் நியாயமானதுதான், அதை லேசாச் சொல்லப்படாது.

ஆனா இதுக்கு வழி இருக்கு. இலங்கையில நம்ம நாட்டு மருந்தைத்தான் போடுதாங்க. 2011ல அங்க ஆயிரம் பேருக்கு மேல வச்சுச் செஞ்ச ஆய்வுல நாலுல மூணு பேருக்கு ஏதோ ஒரு எதிர்வினை வந்துச்சு. மருந்து ஏத்துறதுக்கு முந்தி அட்ரினலின் 0.25 மில்லிகிராம் தோலுக்கடியில போட்டவங்களுக்கு, முதல் ஒரு மணி நேரத்துல வர்ற கடுமையான எதிர்வினை 43 சதவீதம் குறைஞ்சுது. நம்ம பக்கம் வழக்கமாத் தள்ளுற ஹைட்ரோகார்டிசோன் அதே ஆய்வுல பலன் காட்டல, புரோமெத்தசினும் அப்படித்தான்.

செய்முறை: தூள் குப்பியில 10 மில்லி ஊசித்தண்ணி விட்டு உள்ளங்கையில வச்சு மெல்ல உருட்டணும். குலுக்கினா நுரை கட்டும், மருந்து வீணாகும். 10 குப்பி கரைக்க நேரம் பிடிக்கும், அதனால ரெண்டு பேர் வேணும். கரைச்சதைச் சலைன்ல கலந்து ஒரு மணி நேரத்துல ஏத்தணும். பக்கத்துலயே அட்ரினலின் 0.5 மில்லி சிரிஞ்சுல இழுத்து ரெடியா இருக்கணும். அரிப்பு, தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்புன்னு எது தெரிஞ்சாலும் சொட்டை நிறுத்தி, தொடைச் சதையில அதைப் போட்டு, ஆள் தெளிஞ்சபிறகு மெதுவாத் திரும்ப ஏத்தணும். தோல்ல டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்க்குறது வேண்டாம்னு வழிகாட்டியே சொல்லுது. அது ஒண்ணையும் முன்கூட்டிச் சொல்லாது, நேரம்தான் போகும்.

கிட்டங்கி

சிஸ்டர் சொன்ன 10ஐ வச்சு இருப்புக் கணக்குக்கு வாரேன்.

தமிழ்நாட்டுல மருந்து வாங்குறது மருத்துவப் பணிகள் கழகம், 1994ல தொடங்கினது. டெண்டர் எடுத்து, மாவட்டக் கிட்டங்கியில (மருந்துக் கிடங்குல) இறக்கி, ஒவ்வொரு பேட்ச்சுலயும் சாம்பிள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறினாத்தான் வெளிய விடுவாங்க. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் உண்டு. இத்தனை ரூபாய்க்கு மருந்து எடுத்துக்கலாம்னு வரம்பு. கேரளாவும் ராஜஸ்தானும் நம்மளைப் பார்த்துத்தான் இந்த ஏற்பாட்டுக்கு வந்தாங்க.

நல்ல ஏற்பாடுதான், ஆனா பாம்புக்கடி மருந்துக்கு ரெண்டு இடத்துல இடிக்கும். ஒண்ணு, போன வருஷம் எவ்வளவு செலவாச்சோ அதைப் பார்த்துத்தான் இந்த வருஷத்துத் தேவையை எழுதுவாங்க. போடாமலேயே அனுப்புற பி.எச்.சி.யில செலவு பூஜ்யம். அதனால இண்டெண்ட், அதாவது தேவைப் பட்டியல், குறையும். அடுத்த வருஷம் வந்து கேக்குறவருக்குக் குப்பி பத்தாது, அதனால மறுபடி அனுப்பிருவாங்க. இந்தச் சுத்து எங்கயாவது அறுபடணும்னா இருப்பைக் குப்பிக் கணக்குல கேக்கப்படாது, "ஆள் கணக்குல" கேக்கணும். எந்நேரமும் ரெண்டு பேருக்கு முதல் டோஸ், அதாவது 20 குப்பிக்குக் கீழ இறங்கப்படாது.

ரெண்டாவது, காலாவதி. செலவாகாத குப்பி காலாவதியானா ஆடிட்ல கேள்வி. அதுக்குப் பயந்தே கம்மியா வாங்குவாங்க. தேதி முடிய ஆறு மாசம் இருக்கும்போதே அம்பை ஜி.எச்.சுக்கோ (அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரி) ஐகிரவுண்டுக்கோ (பாளையங்கோட்டை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) தள்ளி விட்டுட்டு, பதிலுக்குப் புதுக் குப்பி வாங்கிக்கிட்டா ஒண்ணும் வீணாகாது. பெரிய ஆஸ்பத்திரியில குப்பி நிக்காது, வந்த வேகத்துல தீரும்.

இன்னொரு சின்ன விஷயம். தூளா வர்ற குப்பியை வெயில் படாத அலமாரியில வைக்கலாம். லேபிள்ல எத்தனை டிகிரி போட்டிருக்கோ அதுக்குள்ள இருக்கணும். திரவமா வர்றது 2 முதல் 8 டிகிரிக்குள்ள இருக்கணும், உறையவே கூடாது. தடுப்பூசிக்குன்னு இருக்குற ஐ.எல்.ஆர். குளிர்பெட்டியில வேற மருந்து வைக்கப்படாதுங்கிறது விதி. அதனால திரவக் குப்பி வர்ற இடத்துல தனி ஃபிரிட்ஜ் கேக்கணும். நம்ம வெயிலுக்கும் கரண்ட் கட்டுக்கும் தூள்தான் தோது. டெண்டர்ல எது விலை கம்மியோ அது வந்துரும், அது வேற கதை.

தேரிமணல்

எல்லாம் சரிவே. அந்த மருந்து நம்ம பாம்புக்குக் கேக்குமான்னு யாரும் கேக்கலையே? ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் தேரியில, அதான் செம்மணல் காட்டுல, கிடக்கறது சுருட்டை. கடிச்சா முதல்ல பெருசா ஒண்ணும் தெரியாது. சின்னப் பாம்புன்னு விட்ருவான். அப்புறம் பல் ஈறுல ரத்தம், மறுநாள் மூத்திரத்துல ரத்தம். மேற்க மலைக்குப் போனா வேற பாம்பு. எல்லாத்துக்கும் ஒரே குப்பின்னா எப்படி?

மணிமுத்தாறு

சரியான கேள்வி. அரசியல் உள்ளதும் இந்த இடத்துலதான்.

இந்தியாவுல தயாராகுறது நாலு பாம்புக்குச் சேர்த்த ஒரே மருந்து: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை. அதுக்கான விஷத்துல பெரும்பங்கு மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துலேருந்து போகுது. 1978ல தொடங்கின சங்கம். பாம்புத்தோல் வியாபாரம் சட்டத்தால நின்னுபோனதும் இருளர்களுக்குப் பிழைப்பா வந்தது இது. வனத்துறை அனுமதிச்ச எண்ணிக்கைக்குப் பிடிச்சு, பானையில வச்சு, மூணு வாரத்துக்குள்ள நாலு தடவை விஷம் எடுத்து, காட்டுல விட்ருவாங்க. 2023ல அந்தச் சமூகத்து வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ குடுத்தாங்க. பட்டம் வந்துச்சு சரி, பாம்பு பிடிக்கிற அனுமதிச் சீட்டு தாமதமாகுற வருஷம் நாடு முழுக்க விஷத்துக்குத் தட்டுப்பாடு.

அந்த விஷம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்துப் பாம்போடது. ஒரே இனமா இருந்தாலும் விஷத்தோட கூட்டு ஊருக்கு ஊர் மாறும். ராஜஸ்தான் சுருட்டைக்கு இந்த மருந்து சரியா வேலை செய்யறதில்லைன்னு பெங்களூரு ஆய்வுல வந்திருக்கு. வடகிழக்குல இருக்குற ஒற்றைக்கண் நாகமும் இந்த நாலுல சேராது. நம்மளுக்கு அந்த அளவு மோசமில்ல, ஒரே மாநிலத்துப் பாம்புதான். ஆனா மலைக் கதை வேற. பாபநாசம், களக்காடு மலையில மூக்கு நுனி மேல தூக்கினாப்ல ஒரு குட்டைக் குழிவிரியன் உண்டு. காரையாறு தாண்டி இஞ்சிக்குழி, மயிலாறு காணிப் பழங்குடிக் குடியிருப்புப் பக்கம் அதைப் பார்த்துத்தான் கால் வைக்கணும். வீக்கம், ரத்தம் உறையாமை, சில பேருக்குச் சிறுநீரகமும் போகும். நாலுக்கான மருந்து அதுக்குக் கேக்காது. ஏத்தினா எதிர்வினை மட்டும்தான் மிச்சம். அதுக்குன்னு விக்கிற மருந்து இந்தியாவுல இல்ல. கேரளாவுலயும் இலங்கையிலயும் இதே பாம்புதான் நிறையப் பேரைக் கடிக்குது. வாங்குறவன் காணி, தோட்டத் தொழிலாளி, அதனால எந்தக் கம்பெனிக்கும் அது சந்தையாத் தெரியல.

ஆப்பிரிக்காவைப் பாரும். அங்க பத்துப் பாம்புக்கு வேலை செஞ்ச ஒரு நல்ல மருந்து இருந்துச்சு, சனோஃபி கம்பெனி தயாரிச்சது. லாபமில்லைன்னு 2014ல உற்பத்தியை நிறுத்திட்டாங்க; கடைசிப் பேட்ச் 2016 ஜூன்ல காலாவதியாச்சு. எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு 2015லயே கத்திப் பார்த்துச்சு. அந்தச் சந்தையில விலை மலிவா நுழைஞ்சதுல நம்ம நாட்டு மருந்தும் உண்டு. கானாவுல ஒரு வட்டாரத்துல இந்திய மருந்துக்கு மாறினதும் கடிபட்டவங்கள்ல சாகுறவங்க 1.8 சதவீதத்துலேருந்து 12.1 சதவீதமா ஏறிட்டாங்க. அந்த ஊர்ப் பாம்பு விஷத்தை அது முறிக்கல. டெண்டர்ல விலை மட்டும் பார்த்தவன் ஒருத்தன், செத்தவன் இன்னொருத்தன்.

சங்குப்பூ

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க பக்கம் கடிச்ச உடனே சிறியாநங்கை இலையை மெல்லச் சொல்லுவாங்க. கசப்புத் தெரியலைன்னா விஷம் ஏறியிருக்குன்னு அர்த்தமாம். மிளகும் குடுப்பாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள இதைச் செய்றதுல தப்பில்லையே?

வார்டு எட்டு

தப்பு இருக்கு தாயி. கட்டுவிரியனும் நல்ல பாம்பும் கடிச்சா தொண்டைச் சதை செயலிழக்கும். வாயில எது போட்டாலும் மூச்சுக்குழாய்க்குப் போயிரும். தண்ணி கூட வேண்டாம். கசப்புத் தெரியுதேன்னு வீட்டுல இருந்துட்டா அதைவிட மோசம்.

குறிப்பா கட்டுவிரியன். ராத்திரி தரையில பாய் விரிச்சுத் தூங்குறவங்களைத்தான் கடிக்கும். வலி இருக்காது, வீங்காது, பல் தடம்கூடத் தெரியாது. விடியக்காலம் வயித்துவலின்னு எந்திரிப்பாங்க, வாந்தி எடுப்பாங்க, கொஞ்ச நேரத்துல இமை தொங்கும். வாயுன்னு சோடா வாங்கிக் குடுத்துக்கிட்டு இருப்பாங்க. தரையில படுத்த ஆள் காரணமில்லாம வயித்துவலின்னு விடிகாலை எந்திரிச்சா கண்ணைப் பாருங்க. தலையைச் சாய்க்காம கண்ணை மட்டும் மேல தூக்கச் சொல்லுங்க. இமை ஏறலைன்னா நேரே ஆஸ்பத்திரி.

நல்ல பாம்புக்கு நியோஸ்டிக்மின் ஊசி, கூட அட்ரோபின், போட்டா அரை மணி நேரத்துல இமை தூக்கும். கட்டுவிரியனுக்கு அது அனேகமா வேலை செய்யாது. அந்த விஷம் நரம்பு நுனியையே அழிச்சிரும், மருந்து போட்டாலும் நுனி திரும்ப வளர நாளாகும். அதுவரைக்கும் மூச்சை யாராவது விடணும். வெண்டிலேட்டர் இருந்தா அந்த ஆள் பிழைச்சு நடந்து வீட்டுக்குப் போவாரு.

முதலுதவியில செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மோதிரம், மெட்டி, வளையல், அரைஞாண் எல்லாம் வீங்குறதுக்கு முந்தி கழட்டணும். காலை மட்டையோ குச்சியோ வச்சுக் கட்டி அசையாம வைக்கணும், எலும்பு முறிஞ்சவனுக்குக் கட்டுற மாதிரி, இறுக்காம. நடக்க விடப்படாது. கீறுறது, உறிஞ்சுறது, ஐஸ் வைக்கிறது, கயிறு போட்டு இறுக்குறது எதுவும் வேண்டாம். ஏற்கெனவே இறுக்கிக் கட்டி வந்தா பட்டுன்னு வழியில அவுக்காதீங்க. ஆஸ்பத்திரியில மருந்து தயாரா வச்சுக்கிட்டு அவுப்பாங்க. பாம்பைத் தேடிப் பிடிக்கப் போகாதீங்க. தூரத்துலேருந்து போன்ல போட்டோ கிடைச்சா நல்லது, கிடைக்கலைன்னா விட்ருங்க.

பிசானம்

தீர்மானத்துல தடுப்பும் வரணும். "கம்பூட்ஸ் வழங்க வேண்டும்"னு பொதுவா எழுதினா வாங்கி மூலையில போட்ருவாங்க. நாத்து நடும்போது முழங்கால் சேத்துல எவனும் பூட்ஸ் போட முடியாது, உருவிக்கிட்டு வரும். பூட்ஸ் வேண்டியது மூணு வேலைக்கு: வரப்பு வெட்டுறது, வாழைத் தோட்டத்துல சருகு அரிக்கிறது, அறுப்பு. அறுப்புல முக்கியமா ஒண்ணு. நாலு பக்கமும் அறுத்துக்கிட்டே நடுவுக்கு வந்தா எலி, தவளை எல்லாம் கடைசியா நிக்கிற நெல்லுக்குள்ள ஒதுங்கும், கண்ணாடி விரியனும் அங்கதான் ஒதுங்கும். அந்தக் கடைசிக் கட்டை வெறுங்கையால வளைச்சுப் பிடிச்சு அறுக்கப்படாது. ஒரு பக்கமா ஆரம்பிச்சு வரப்புப் பக்கம் வழி விட்டு அறுத்துக்கிட்டுப் போனா அது தானா வெளியேறிரும்.

அறுத்துக் கட்டின கட்டு ராத்திரி வயல்லயே கிடந்தா காலையில தூக்கும்போது அடியில கை விடாம, குச்சியால புரட்டணும். வைக்கோல் படப்பு வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கப்படாது. தரையில படுக்கிறவங்களுக்குக் கொசுவலை, ஓரத்தைப் பாய்க்கடியில சொருகி. கொசுவலை கட்டுவிரியனை நல்லாத் தடுக்கும். ராத்திரி தண்ணி பாய்ச்சப் போறவங்களுக்கு டார்ச். மும்முனை மின்சாரம் விவசாயத்துக்குப் பகல்ல குடுத்தா டார்ச்சே வேண்டாம், அதையும் சபையில சொல்லுங்க, கேக்காமலா போயிருவாங்க.

தேரிமணல்

மணிமுத்தாறு அண்ணாச்சி, கம்பெனிக்கு லாபமில்லைன்னா அரசாங்கம் தயாரிக்கட்டும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல முன்னாடி பாம்புக்கடி சீரம் தயாரிச்சாங்கல்லா? கோஸ்டாரிகா மாதிரிச் சுண்டைக்காய் நாடு 1970லேருந்து பல்கலைக்கழகத்துல வச்சு செய்யுது, நைஜீரியாவுக்கே அங்கேருந்து மருந்து போகுது. நம்ம மாநிலத்துக்கு என்ன கொள்ளை? தீர்மானத்துல "கிண்டியில் மீண்டும் உற்பத்தி"ன்னு போடுங்க.

கிட்டங்கி

போடலாம்வே, ஆனா லேசில்ல. குதிரைக்கு நாலு விஷத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி மாசக்கணக்குல ஏத்தணும். பிளாஸ்மா எடுத்துட்டுச் சிவப்பணுவைக் குதிரைக்கே திருப்பி விடணும். எடுத்த பிளாஸ்மாவைப் பெப்சின் போட்டு வெட்டி, வேண்டாத புரதத்தை நீக்கி, குப்பியில உறைய வச்சு உலர்த்தணும். சுத்திகரிப்பு சரியில்லைன்னா எதிர்வினைதான் கூடும். பழைய லாயத்தைத் திறந்து விட்டாப் போதும்னு நினைக்கப்படாது.

2008 ஜனவரியில குன்னூர், கசௌலி, கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம்னு மூணு அரசுத் தடுப்பூசி நிறுவனங்களோட உற்பத்தி உரிமத்தையும் ஒன்றிய அரசு முடக்கினது ஞாபகம் இருக்கா? உற்பத்தித் தரவிதிக்குத் தக்கபடி கட்டடம் இல்லைன்னு காரணம். பல காலமாப் பணம் போடாம வச்சிருந்து, அப்புறம் தரமில்லைன்னு மூடுறது. 2010ல முடக்கத்தை நீக்கினாலும் பழைய அளவு வரல. அதனால உற்பத்தியைக் கேக்குறதா இருந்தா கூடவே தரவிதிக்கான கட்டடச் செலவையும் கேக்கணும். ஊராட்சித் தீர்மானத்துல இது நிக்குமான்னு தெரியல. சட்டமன்ற உறுப்பினருக்குத் தனி மனுவாக் குடுங்க. மேற்குத்தொடர்ச்சி மலைப் பாம்பு விஷத்தையும் சேர்க்கணும்னு அதுல எழுதினா கேரளாவும் சேர்ந்து கேக்கும்.

தேரிமணல்

அப்ப நஷ்டஈடு? உத்தரப்பிரதேசத்துல மாநிலப் பேரிடர்னு அறிவிச்சு 4 லட்சம் குடுக்காங்க.

மணிமுத்தாறு

அதுக்குப் பிரேதப் பரிசோதனை வேணும். பரிசோதனைக்குப் பயந்தே வீட்டுல அடக்கம் பண்ணுற சனம் நம்ம சனம். பணத்தை முன்னால நிறுத்தினா சாவுக்குப் பிறகுதான் அரசு வரும். கேக்க வேண்டாம்னு சொல்லல, முதல் வரியா வேண்டாம்.

அதைவிட முக்கியம், மனு எங்க போகும்ங்கிறது. பி.எச்.சி. பொதுச் சுகாதார இயக்குநரகம். அம்பை ஜி.எச். மருத்துவப் பணிகள் இயக்குநரகம். ஐகிரவுண்டு மருத்துவக் கல்வி இயக்குநரகம். கடிபட்டவன் மூணு வாசல் ஏறி இறங்குதான், ஒவ்வொரு வாசலும் தனி இலாகா. தீர்மானத்தை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மட்டும் அனுப்பினா அங்கனயே படுத்துரும். மாவட்ட சுகாதார அலுவலர், நலப்பணிகள் இணை இயக்குநர், மருத்துவக் கல்லூரி முதல்வர் மூணு பேருக்கும் நகல் போடுங்க. இருப்புப் பதிவேட்டு நகலைத் தகவல் உரிமைச் சட்டத்துல தனியாக் கேளுங்க.

பொருநைக்கரை

எல்லாத்தையும் வச்சுத் திருத்தின வரைவு:

ஒன்று: ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்நேரமும் இரண்டு பேருக்கான முதல் டோஸ் (20 குப்பி), அட்ரினலின், நியோஸ்டிக்மின், அட்ரோபின், உலர்ந்த கண்ணாடி டெஸ்ட் ட்யூப் இருக்க வேண்டும். இருப்பு எண்ணிக்கையை வாசலில் தினமும் எழுதி வைக்க வேண்டும்.

இரண்டு: விஷம் ஏறிய அறிகுறி இருந்தால் முதல் டோஸ் முடிந்த பிறகே மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். போடாமல் அனுப்பினால் காரணத்தைச் சீட்டில் எழுத வேண்டும்.

மூன்று: 2024 அறிவிப்பின்படி பதிவான பாம்புக்கடி எண்ணிக்கையை, ஊராட்சி வாரியாக, ஒவ்வொரு கிராமசபையிலும் வாசிக்க வேண்டும்.

நான்கு: வரப்பு, வாழை, அறுப்பு வேலைக்குப் பூட்ஸ், தரையில் உறங்கும் குடும்பங்களுக்குக் கொசுவலை.

வார்டு எட்டு

ரெண்டாவதைத் திருத்துங்க. "முதல் டோஸ் முடிந்த பிறகே"ன்னா கட்டுவிரியன் கடிச்சு மூச்சுத் திணறுறவரையும் ஒரு மணி நேரம் பி.எச்.சி.யில வச்சிருப்பாங்க. "தொடங்கிய பிறகு"ன்னு போடுங்க. இமை தொங்கி, கழுத்து நிக்காம இருக்குறவருக்கு மருந்தைத் தொடங்கி, சொட்டு ஓடும்போதே ஆம்புலன்ஸ்ல ஏத்தணும். வண்டியில அம்பு பேக் (கையால அமுக்கி மூச்சுக் குடுக்குற பை), அதை அமுக்கத் தெரிஞ்ச ஆள், போற ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போன். பாபநாசத்துலேருந்து பாளையங்கோட்டை வர 50 கிலோமீட்டர் ஒட்டி இருக்கு. அவ்வளவு தூரமும் கையால மூச்சு விட்டுக்கிட்டே கொண்டு வரலாம், ஆள் மாத்தி மாத்தி அமுக்கணும்.

கிட்டங்கி

ஒண்ணாவதுல அம்பு பேக்கும் சேருங்க. பெரியவங்க அளவு ஒண்ணு, குழந்தை அளவு ஒண்ணு, மாஸ்க்கோட. மாஸ்க் ரப்பர் இத்துப்போயிருந்தா காத்து முகத்தோரமாப் போயிரும், மூணு மாசத்துக்கு ஒருதரம் செக் பண்ணி கையெழுத்துப் போடணும்னு எழுதுங்க.

பொருநைக்கரை

சேத்துட்டேன். "தொடங்கிய பிறகு"ன்னும் மாத்தியாச்சு. வாசல்ல எண்ணிக்கை எழுதுறதுக்குப் பலகை ஊராட்சி நிதியிலயே வாங்கலாம்னு தலைவர் சொல்லுதாரு. கிண்டி மனுவுக்குத் தனி இழை தொடங்குதேன், தேரிமணல் அண்ணாச்சி அங்க வந்துருங்க.